இரண்டு பக்கமும் கால் வைத்த வயர்

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு மின்வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மோட்டர் வைண்டிங்கும் வீட்டு வயரிங்கும் செய்து பிழைத்தேன். சூத்திரமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் தொடவில்லை. நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அதில் ஒரு ஆள் சாகப் பார்த்தான்.

கல்முனைப் பக்கம் வயலோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. எங்களுக்கு ஓடுகிற பொருள் என்றால் வாய்க்கால் தண்ணீர்தான். மேலே திறந்தால் கீழே வரும். மேலே அடைத்தால் கீழே காயும். கீழ் வயல்காரன் என்ன செய்தாலும் மேல் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. கரண்டையும் நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டோம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிறது. கம்பத்தில் நிறுத்தினால் வீட்டில் இல்லை. பேச்சும் அதேதான். கரண்ட் வந்துட்டு, கரண்ட் போயிட்டு என்போம்.

வேலை பழகிப் பல வருடமான பிறகும் என் தலைக்குள் இந்த வாய்க்கால் இருந்தது. அது இருப்பது எனக்கே தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் மழை குறைந்து, நாடு முழுக்க நேரம் வைத்துக் கரண்ட் வெட்டினார்கள். வசதியுள்ளவர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள். வாங்கியவர்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். வீடு முழுக்க லைட் எரிய என்ன வழி?

முறையான வழி உண்டு. கம்பத்துக் கரண்டையும் ஜெனரேட்டர் கரண்டையும் ஒருபோதும் சேரவிடாத சுவிட்ச். சேஞ்ச் ஓவர் என்போம். ஒரு பக்கம் போட்டால் மறு பக்கம் தானாகவே விட்டுவிடும். அது கொழும்பிலிருந்து வரவேண்டும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் ரோட்டால் சாமான் வருவது நிச்சயமில்லை. ஆட்களுக்கோ அன்றைக்கே வேண்டும். நான் குறுக்கு வழி ஒன்று செய்து கொடுத்தேன்.

நான்கு யார், அதாவது பன்னிரண்டு அடி, கறுப்பு வயர். இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரில் குத்த வேண்டும். மறு முனையை வீட்டுச் சுவரில் இருக்கிற சொக்கட்டில் குத்த வேண்டும். சொக்கட் வழியாகக் கரண்ட் பின்பக்கமாக வீட்டுக்குள் போகும். எல்லா லைட்டும் எரியும். ஆட்களுக்குச் சந்தோஷம்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்வேன். முதலாவது, மெயின் சுவிட்சை நிறுத்து. நிறுத்தாவிட்டால் உன் ஜெனரேட்டர் கம்பத்துக்கும் கரண்ட் அனுப்பும். இரண்டாவது, இரண்டு முனையையும் குத்திய பிறகுதான் ஜெனரேட்டரின் கயிற்றை இழு. இல்லாவிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பிளக்கின் காலில் கரண்ட் நிற்கும். தொட்டவன் போவான்.

மெயினை நிறுத்த மறந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். ஒரு சின்ன ஜெனரேட்டர் தெரு முழுவதுக்கும் கரண்ட் கொடுக்கப் பார்த்து மூச்சு முட்டி நின்றுவிடும். அதுவே காவல் என்று நினைத்தேன். இரண்டு வீட்டில் மறந்தார்கள். இரண்டிலும் ஜெனரேட்டர் நின்றது. என் நம்பிக்கை கூடியது. அது இரண்டு எச்சரிக்கை என்று எனக்கு விளங்கவில்லை.

ஊருக்கு வெளியே, வயல் ஓரமாக ஒரு நெல் மில் இருந்தது. முதலாளியை ஹாஜியார் என்போம். அவருடைய வீடு மில்லின் பின்பக்கத்தோடு ஒட்டியது. இரண்டுக்கும் ஒரே மெயின். மில்லுக்கென்று ரோட்டோரத்தில் தனியாக ஒரு டிரான்ஸ்போமர் இருந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவில் தட்டு அடித்து மேலே வைத்திருந்தார்கள். ஹாஜியார் வாங்கியது பெரிய ஜெனரேட்டர். என்னுடைய வயர் ஒன்று அங்கேயும் இருந்தது.

நோன்பு மாதம். பின்னேரம், அசர் தொழுகை நேரம். ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நான் மில்லின் மோட்டர் ஒன்றுக்கு வைண்டிங் செய்து கொண்டுபோய்ப் பூட்டியிருந்தேன். ஓட்டிப் பார்க்கக் கரண்ட் இல்லை. டிரான்ஸ்போமரின் மேல் காகம் கூடு கட்டி, கூட்டுக் கம்பி பட்டு, பியூஸ் போயிருந்தது.

கரண்ட் கந்தோரிலிருந்து, அதாவது மின்சார அலுவலகத்திலிருந்து, யோகராசா வந்தான். லைன்மேன். பாண்டிருப்புத் தமிழ் ஆள். ஏறக்குறைய என் வயது. நான் யோகன் என்பேன். அவன் என்னைக் காக்கா என்பான்; எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீட்டுத் தடியால் மூன்று பியூசையும் கழற்றி என் காலடியில் வைத்தான். கரண்ட் இல்லை என்று சோதித்தும் பார்த்தான். அந்த நேரத்தில் உண்மையாகவே இல்லை.

ஏற முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கம்பிகளைச் சேர்த்து நிலத்தோடு கட்டுகிற ஏர்த் வயர் போட வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் வந்தாலும் அது ஆளை விட்டுவிட்டு நிலத்துக்குப் போகும். இருந்தது ஒரு செட். அது லொறியில். லொறி மற்ற ஆளோடு நாவிதன்வெளிக்குப் போயிருந்தது.

"அது வந்து சேர மூணு மணித்தியாலம் ஆகும் காக்கா" என்றான் யோகன். "நோன்பு திறக்க முந்தி உங்கட ஆக்களுக்குக் கரண்ட் தரணும்தானே."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் மோட்டரை ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

ஏறினான். தோல் பெல்ட்டைக் கம்பத்தில் சுற்றிப் பூட்டிக்கொண்டான். கூட்டைப் பிரித்துக் கீழே போடத் தொடங்கினான். ஒரு கம்பித் துண்டைத் தூக்கிக் காட்டினான்.

"காகத்துக்கு உங்களவிட வயரிங் தெரியும் காக்கா. பாருங்க, செம்பாப் பார்த்துப் பொறுக்கியிரிக்கி."

"அது என்ட கடையில களவெடுத்த. கீழ போடு."

சிரித்துக்கொண்டு போட்டான். அப்போது டிரான்ஸ்போமர் முனகியது.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரும்புக்குள் காந்தம் ஏறி இறங்குகிற சத்தம். சுருளில் கரண்ட் ஓடினால்தான் வரும். வேறு எதாலும் வராது. பியூஸ் மூன்றும் என் காலடியில் கிடந்தன. மேலே இருந்து கரண்ட் வர வழியில்லை. ஆனாலும் இரும்பு முனகியது. அதற்குப் பிறகுதான் மில்லின் பின்னாலிருந்து ஜெனரேட்டர் ஓடுவது என் காதில் விழுந்தது. கடல் காற்று அந்தச் சத்தத்தை வயல் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

டிரான்ஸ்போமருக்குள் இரண்டு சுருள், ஒரு இரும்பு. ஒரு சுருளுக்கும் மற்றதுக்கும் நடுவில் வயர் தொடர்பு கிடையாது. ஒன்றில் கரண்ட் ஓடினால் இரும்பு காந்தமாகும். அந்தக் காந்தம் மாற மாற மற்றச் சுருளில் கரண்ட் பிறக்கும். எந்தச் சுருள் கந்தோர் பக்கம், எந்தச் சுருள் மில் பக்கம் என்று இரும்புக்குத் தெரியாது. லைனிலிருந்து பதினோராயிரம் வோல்ட் வந்தால் மில்லுக்கு ஏற்ற அளவுக்கு இறங்கும். மில்லிலிருந்து வீட்டுக் கரண்ட் போனால் மேலே பதினோராயிரமாக ஏறும். எனக்கு இது தெரியும். கடையில் சின்ன டிரான்ஸ்போமர்கள் சுற்றியிருக்கிறேன். ஒரு முறை பிழையான பக்கம் கரண்ட் கொடுத்து, மறு பக்கத்தைத் தொட்டு எறிபட்டும் இருக்கிறேன். மேசையில் தெரிந்த விஷயம் ரோட்டில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த நேரம் இவ்வளவும் நினைக்கவில்லை. கத்தினேன்.

"யோகன், கரண்ட் வந்துட்டு!"

அவன் சிரித்தான்.

"நோன்பு தலைக்கு ஏறிட்டு காக்கா. பியூஸ் மூணும் உங்கட காலடியில கிடக்கு. கரண்ட ஆர் கொண்டாற, காகமா?"

சொல்லிக்கொண்டே அடுத்த கம்பித் துண்டுக்குக் கையை நீட்டினான்.

பிழை அவனுடையதல்ல. அந்த வருடம் எங்கள் ஊரில் 'கரண்ட் வந்துட்டு' என்பது பயப்படுகிற சொல் அல்ல. வெட்டு முடிந்து லைட் எரிந்தவுடன் பிள்ளைகள் தெருத் தெருவாகக் கத்துகிற சந்தோஷச் சொல். அதை எடுத்துக் கம்பத்தில் இருக்கிறவனுக்குச் சொன்னேன். அவன் நம்பாதது நியாயம்.

"கை ரெண்டையும் கமக்கட்டுக்க வை! இப்பவே வை!"

வைத்தான். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையும் அக்குளுக்குள் போனது. கரண்ட் கம்பி பூட்டிய பீங்கானுக்கும் அவன் விரல் இருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

ஆபத்தில் இருக்கிறவனுக்குக் காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அவன் யோசிப்பான். யோசிக்கிற நேரத்தில் கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கையை என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

"ஆடாத. நான் சொல்லுமட்டும் எடுக்காத" என்றுவிட்டு ஓடினேன்.

கால் ஜெனரேட்டர் பக்கம்தான் எழுந்தது. சத்தம் அங்கேயிருந்து வருகிறது. ஆனால் அது மில்லைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிற தூரம். மெயின் சுவிட்ச் மில்லின் முன்வாசலில். இருபது எட்டு. கரண்ட் ஒரு வட்டத்தில் ஓடுகிறது. வட்டத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் ஓட்டம் நிற்கும். பிறக்கிற இடத்துக்குப் போய்த்தான் வெட்ட வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் இருக்கிற இடம் போதும். முன்வாசலுக்குத் திரும்பினேன்.

ஓடும்போது ஒன்று நினைத்தேன். இவன் இங்கே செத்தால் விபத்து என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவனுடைய ஊரிலும் சொல்லமாட்டார்கள், என்னுடைய ஊரிலும் சொல்லமாட்டார்கள். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் நம்பிக்கை செத்த காலம் அது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

மெயினை இழுத்தேன். திரும்பி வந்து காது கொடுத்தேன். முனகல் நின்றிருந்தது. யோகன் கையை எடுக்கப் பார்த்தான்.

"இன்னும் இல்ல. வச்சிக்க."

பின்பக்கம் போனேன். ஹாஜியாரின் மனைவி ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர்; அக்கா முறையில் ராத்தா என்பேன்.

"ராத்தா, நிப்பாட்டுங்க!"

"பொறுங்க தம்பி, டாங்கி இன்னும் நிரம்பல்ல. நோன்பு திறக்க ஆக்கள் வாற. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலு எடுக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"கம்பத்தில ஆள் இரிக்கி!"

உடனே நிறுத்தினார். கேள்வி கேட்கவில்லை. நான் இரண்டு முனையையும் கழற்றி வயரைக் கையில் எடுத்தேன்.

"மெயின ஏன் ராத்தா நிப்பாட்டல்ல?"

"எந்த மெயின்?"

"ஹாஜியாருக்கு நான் சொன்னதானே."

"அவருக்குச் சொன்ன நீங்க. கயிறு இழுக்கிற நான். எனக்கு ஆர் சொன்ன?"

ஒவ்வொரு நாளும் ஹாஜியார் கரண்ட் வெட்டுகிற நேரத்துக்கு மில்லின் முன்வாசலில் மெயினை நிறுத்திவிட்டு, பின்பக்கம் வந்து, ஜெனரேட்டர் போடு என்பார். ராத்தாவுக்குத் தெரிந்தது பின்பக்கத்து வேலை மட்டும். இரண்டு முனையையும் குத்துவார், கயிற்றை இழுப்பார். நான் சொல்லிக் கொடுத்த இரண்டாவது விஷயத்தை அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தார். முதலாவது விஷயம் அவரிடம் வந்து சேரவே இல்லை.

நான் சொன்னேன் என்பதை ஒரு பாதுகாப்பாக எடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது ஒருவருக்கு. வேலை செய்வது இன்னொருவர்.

ஜெனரேட்டர் ஏன் மூச்சு முட்டி நிற்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் பிறகுதான் யோசித்தேன். மில்லில் பெரிய மோட்டர்கள் இருந்தன. ஆனால் மோட்டரின் ஸ்டார்ட்டருக்குள் ஒரு காந்தச் சுருள் உண்டு. கரண்ட் இருக்கும்வரை அது பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும், ஆள் வந்து பட்டனை அமுக்காமல் பிடிக்காது. காலையில் பியூஸ் போனபோதே எல்லா மோட்டரும் விடுபட்டுவிட்டன. மேலே லைன் பக்கமும் பியூஸ் கழற்றியாகிவிட்டது. ஆகவே அந்த ஜெனரேட்டருக்கு இருந்தது தண்ணீர்ப் பம்பும் அந்த டிரான்ஸ்போமரும் மட்டும். வயரைக் குத்திவிட்டுக் கயிறு இழுத்ததால் கரண்ட் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு இடி இல்லை, ஒரு பொறி இல்லை. மற்ற இரண்டு வீட்டிலும் என்னைக் காப்பாற்றியது தெருவின் பாரம். மில்லில் தெருவே இல்லை.

வயரைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தேன்.

"இப்ப எடு."

அவனுக்குக் கை உடனே வரவில்லை. பிறகு மெல்ல இறங்கினான். பியூஸ் கிடந்த இடத்தில் நிலத்தில் இருந்துவிட்டான். நடந்ததைச் சொன்னேன். ராத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எங்களுக்கு நோன்பு. அவன் குடித்தான்.

வயரை வாங்கி ஒரு கையில் ஒரு பிளக்கும் மறு கையில் மறு பிளக்குமாகப் பிடித்துப் பார்த்தான்.

"இது ஆர் செஞ்ச?"

கல்முனையில் வாங்கினது என்று சொல்லியிருக்கலாம். ராத்தாவும் மறுத்திருக்கமாட்டார். செய்தது யார் என்று அவருக்குத் தெரியாது.

"நான்."

வயரை நிலத்தில் வைத்தான்.

"எத்தின செஞ்ச?"

"ஆறு."

"கந்தோரில நான் ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றான். "ஆறு வயருக்குப் பன்னிரண்டு தலை. வெட்டி என்ட கையில கொண்டாங்க. மறுகா உங்களோட கதைக்கிறன்."

அன்று லொறி வரும்வரை அவன் திரும்ப ஏறவில்லை. ஏர்த் போட்டுவிட்டுத்தான் ஏறினான். நோன்பு திறக்கும்போது மில்லில் கரண்ட் இல்லை. ஹாஜியார் என்னை ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஹாஜியாருடைய வயரை அங்கேயே வெட்டினேன். மற்றவர்களிடம் அடுத்த நாளிலிருந்து போனேன். சிலர் பேசாமல் எடுத்துத் தந்தார்கள். ஒரு கடைக்காரர் தர மறுத்தார்.

"நல்லாத்தானே வேல செய்யுது. எனக்கு ஒண்டும் நடக்கல்லயே."

"உங்களுக்கு நடக்காது" என்றேன். "கம்பத்தில ஏறுற ஆளுக்கு நடக்கும்."

"அப்ப லைட்டுக்கு என்ன செய்ற?"

"லாம்பு கொளுத்துங்க. சுவிட்ச் வந்தா நான் வந்து பூட்டித் தாறன்."

அவர் ஏசிக்கொண்டிருக்கும்போதே குறட்டால் வெட்டினேன். சேஞ்ச் ஓவர் சுவிட்சுகள் கொழும்பிலிருந்து வர நாலு மாதம் ஆனது. ஐந்து வீட்டுக்கும் பூட்டிக் கொடுத்தேன். பூட்டிய பிறகு, அந்த வீட்டில் யார் யார் ஜெனரேட்டர் கயிறு இழுப்பார்கள் என்று கேட்டேன். அவ்வளவு பேரையும் கூப்பிட்டு, என் முன்னால் ஒவ்வொருவராகப் போட்டு நிறுத்தச் செய்தேன். ராத்தா முதலாவது தரமே சரியாகச் செய்தார்.

வெட்டிய தலைகளைப் பையில் போட்டுக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனேன். யோகன் சீமெந்துத் தரையில் கொட்டி எண்ணினான்.

"பத்து."

"ஓம்."

"ரெண்டு குறையுது காக்கா."

"ஒரு வயர் தெரியாத ஆளுக்குக் குடுத்திட்டன். சைக்கிளில வந்தவர். தம்பிலுவில் பக்கம் எண்டு சொன்ன மாதிரி ஞாபகம்."

யோகன் தலைகளைத் திரும்பப் பையில் போட்டுக் கட்டினான். அன்று என்னோடு கதைக்கவில்லை.

தம்பிலுவிலுக்கு இரண்டு முறை போனேன். அந்த நாட்களில் அது லேசான பயணம் அல்ல. ஜெனரேட்டர் வைத்திருந்த கடைகள், வீடுகள் எல்லாம் கேட்டேன். ஆள் கிடைக்கவில்லை. பேர் தெரியாது. முகம் தெரியும், ஆனால் முகத்தை வைத்துக்கொண்டு என்ன கேட்பது. யோகன் சில மாதங்களுக்குப் பிறகு கதைக்கத் தொடங்கினான். பென்சனுக்குப் போகும்வரை ஒரு கம்பத்திலிருந்தும் அவன் விழவில்லை. வேறு யாராவது விழுந்த செய்தி வந்தால், எந்த ஊர் என்று முதலில் கேட்பேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

இதை எழுத ஒப்புக்கொண்டது அதற்காகத்தான். அந்த வயர் இன்னும் ஒரு வீட்டில் கிடக்கலாம். கறுப்பு வயர், நான்கு யார். அன்று கடையில் ஒரே நிறத்தில் பிளக் இருக்கவில்லை. ஒரு தலை வெள்ளை, மறு தலை மண்ணிறம். வெள்ளைத் தலைக்குப் பக்கத்தில் சிவப்பு டேப் மூன்று சுற்று. நீங்கள் தம்பிலுவில், திருக்கோவில் பக்கம் வேலைக்குப் போனால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கண்டால் முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். பிறகு வெட்டுங்கள். ஏசினால், செய்தவன் சொன்னான் என்று சொல்லுங்கள். தலை இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். யோகன் இன்னும் பாண்டிருப்பில்தான் இருக்கிறான்.